தள்ளுகிற விரல்கள்

பெரியவளின் கை மறுபடியும் இறங்கிவிட்டது.

இடது கையில் அத்தையின் மாத்திரை அட்டையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். வலது கையைத் தோள் உயரத்துக்குப் பக்கவாட்டில் நீட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். தங்கை மணிக்கட்டின் மேல் இரண்டு விரல்களை வைத்துத் தள்ளியதும் கை போயே விட்டது. சற்று முன் அட்டைக்குப் பதிலாக ஒரு பேரீச்சம்பழத்தைப் பிடித்திருந்தபோது அதே கை இரும்புக் கம்பி போல நின்றது. ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. அதுதான் எரிச்சலை இன்னும் கூட்டியது.

"பாத்தியா அக்கா? நான் பலமா அழுத்தவே இல்ல."

"பாத்தேன். வாய மூடு."

"சத்தம் போடாதீங்கடி" என்றாள் அத்தை. "அவன் அங்க படுத்திருக்கான்."

அவன் என்றது அவளுடைய அண்ணனை. இந்த இருவரின் அப்பாவை. செத்து, கூடத்தில் குளிர்ப்பெட்டிக்குள் கிடந்தார். சுடுகாட்டு வண்டி வர இன்னும் நேரமிருந்தது. இவர்கள் மூவரும் சின்னவளின் சிகிச்சை அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நின்றார்கள். ஒரு நீளமான கட்டில், சுவரில் தோலுரித்த மனிதனின் தசைப் படம், வாசலில் 'கினீசியாலஜி: மன அழுத்தத்துக்கு மருந்தில்லா வழி' என்ற பலகை. உடம்பின் தசையைக் கேட்டால் மனதின் பாரம் தெரியும் என்பது அவள் படித்த படிப்பு.

அதில் நல்லதும் நடந்திருக்கிறது, பெரியவள் மறுக்கமாட்டாள். அதுவரை லாரி ஓட்டியே காலம் கழித்த அப்பா, அம்மா போன பிறகு தூக்கமில்லாமல் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். சின்னவள் அவரை இந்தக் கட்டிலில் படுக்கவைத்து, புருவத்துக்கு மேல் விரல்களை லேசாக வைத்துக்கொண்டு, அவர் பேசுவதைக் கேட்டாள். யாரிடமும் பேசாதவர் பேசினார், அழுதார், தூங்கினார். அதோடு நின்றிருக்கலாம்.

அப்பாவேதான் கேட்டாராம், "இந்த மாத்திரையையும் கேட்டுப் பாரேன்" என்று. அவர் இதயம் ஒழுங்கில்லாமல் படபடக்கும். அப்படித் துடிக்கிற இதயத்தின் மூலையில் ரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும், உறைந்த கட்டி மூளைக்கு ஏறும். உறையாமல் இருக்கத்தான் அந்த மாத்திரை. அதைப் பிடித்தபோது அவர் கை இறங்கியது. நிறுத்திவிட்டார். கட்டி ஏறியது.

"டாக்டர்கிட்ட கேட்டியா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா? போயும் போயும் கைகிட்டயா கேட்ட!"

"நான் நிறுத்தச் சொல்லலக்கா. கை சொல்லிச்சு."

"கைக்கு எப்போடி வாய் மொளச்சுது?"

அத்தை குறுக்கே வந்தாள். "அவள மட்டும் திட்டாத. நானும்தான் போன வாரம் இவகிட்ட கை நீட்டிப் பாத்துட்டு பிரஷர் மாத்திரைய நிறுத்துனேன். தலை எவ்ளோ லேசா இருக்கு தெரியுமா? இப்ப ஒன் கையும்தான் எறங்குச்சு, பெரியவளே. என் கண்ணால பாத்தேன்."

மாலை பஸ்ஸில் அத்தை ஊருக்குப் போய்விடுவாள். தனியாக இருப்பவள். ஒருவரை வழியனுப்பும் வீட்டில் இன்னொருவருக்கும் நாள் குறித்தாயிற்று.

பெரியவளின் வேலை தேயிலைக் கம்பெனியில், சுவைத்துப் பார்த்துத் தரம் சொல்வது. அங்கே கோப்பைகளில் பெயர் இருக்காது. ஊற்றுகிறவனுக்கும் எது எந்தத் தோட்டத்து இலை என்று சொல்லமாட்டார்கள். சொன்னால் அவன் முகம் காட்டிக்கொடுத்துவிடும். பெயர் தெரிந்துவிட்டால் எவ்வளவு பழகிய நாக்கும் பெயரைத்தான் சுவைக்கும்.

"டப்பாக்குள்ள வச்சா ஒன் கைக்குத் தெரியுமா?"

"தெரியும். ஒடம்புக்குத் தெரியாதது இல்ல" என்றாள் சின்னவள். நம்பித்தான் சொன்னாள்.

சமையலறையிலிருந்து ஒரே அளவு டப்பாக்களை எடுத்தார்கள். அத்தை தனியாக உட்கார்ந்து, சிலவற்றில் அட்டையிலிருந்து வெட்டிய மாத்திரைத் துண்டையும் மற்றவற்றில் பேரீச்சம்பழத்தையும் வைத்தாள். குலுங்கிச் சத்தம் வராமல் பஞ்சு அடைத்து மூடிக் கலந்தாள்.

"குடுத்துட்டு நீ வெளிய நில்லு அத்தை. உன் மூஞ்சியப் பாத்தாலே விஷயம் தெரிஞ்சுடும்."

"என் மூஞ்சிக்கு என்னடி கொறச்சல்" என்று முனகிக்கொண்டே போனாள்.

பெரியவள் ஒவ்வொரு டப்பாவாகப் பிடித்துக் கை நீட்ட, சின்னவள் தள்ளினாள். கை இறங்கிய டப்பாவைக் கட்டிலின் தலைமாட்டில் வைத்தார்கள். நின்ற டப்பாவைக் கால்மாட்டில். முடிந்ததும் அத்தையைக் கூப்பிட்டார்கள். சின்னவளே மூடிகளைத் திறந்தாள்.

தலைமாட்டில் பழமும் மாத்திரையும் கலந்து கிடந்தன. கால்மாட்டிலும் அப்படியே.

"இன்னொரு தடவ" என்றாள் சின்னவள்.

அத்தை மறுபடி கலந்தாள். மறுபடியும் அதே குழப்பம். அடுத்த முறை பெரியவளை நீட்டச் சொல்லாமல் சின்னவள் தன் கையையே நீட்டி, அக்காவைத் தள்ளச் சொன்னாள். அதுவும் அப்படித்தான் வந்தது.

"இப்ப மூடாம செய். மாத்திரைன்னு தெரிஞ்சே" என்றாள் பெரியவள். "நான் ஒன் விரல மட்டும் பாக்குறேன்."

பேரீச்சம்பழத்துக்கு, சின்னவள் "தாங்கு" என்று சொல்லி முடித்து, அக்காவின் தோள் இறுகிய பிறகு விரல்கள் தள்ளின. மாத்திரைக்கு அந்தச் சொல் வாயில் இருக்கும்போதே தள்ளின. தசை இறுகக் கண் சிமிட்டும் நேரமாவது வேண்டும். அது கிடைக்கவில்லை. பெரியவளின் கையும், விழத்தானே போகிறது என்று பாதி விட்டுக்கொடுத்திருந்தது.

"பாத்தியாடி?" என்றாள் பெரியவள். "பாத்தியா என்ன பண்றன்னு?"

சின்னவள் தன் இரண்டு விரல்களையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பாவின் மணிக்கட்டில் இருந்ததும் அவைதான். அந்த வார்த்தை பெரியவளின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். கோபம் கொஞ்சமும் குறையவில்லை.

வெளியே வண்டி வந்து நின்றது. யாரோ கதவைத் தட்டினார்கள்.

"எனக்கு ஒன்னும் வெளங்கலடி" என்றாள் அத்தை. "கை என்னதான் சொல்லுது?"

சின்னவள் ஒரு டப்பாவிலிருந்து மாத்திரைத் துண்டை எடுத்து, பிரித்து, அத்தையின் உள்ளங்கையில் வைத்தாள். தண்ணீர் மொண்டு வந்து நீட்டினாள்.

"பிடிச்சிருக்கறது மாத்திரைன்னு எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் முந்தித் தள்ளிடுறேன் அத்தை. தெரியலன்னா கை ஒன்னுமே சொல்லல."