மூச்சு இழுக்கிற இடம்

1

வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே, எந்தக் கையாலும் எட்ட முடியாத ஓர் இடத்தில், எட்டு மாதமாக எனக்கு வலிக்கிறது. கதவு நிலையில் முதுகைத் தேய்த்தால் கொஞ்சம் அடங்கும். மாடு மாதிரி தேய்க்கிறியே என்று வீட்டில் சிரிக்கிறார்கள். இந்தக் கதை அந்த இடத்திலிருந்துதான் வந்தது. வேறு ஊற்றெல்லாம் கிடையாது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இன்றைக்கு ஞாயிறு. நேற்று ஒரு பெரிய பாடகரின் கச்சேரிக்குப் போய் ஏமாந்து வந்த இரண்டு பேரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். மூன்று முறை தொடங்கிவிட்டேன்.

"விளக்குகள் அணைந்தன. ஐம்பதாயிரம் இதயங்கள் ஒன்றாகத் துடி…"

(யார் எண்ணினார்கள்? அடித்தாயிற்று.)

"பாடகர் இரண்டு மணி நேரம் தாமதமாக மேடைக்கு வந்தார்."

(உண்மைதான். ஆனால் புகார் மனு மாதிரி இருக்கிறது.)

"கிரேன் அன்றைக்குச் சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார்."

இது நிற்கும். கிரேனை இஸ்திரி போட்ட சட்டையில் யாரும் பார்த்ததில்லை. அவர் கல்யாண போட்டோவிலேயே சட்டை கசங்கித்தான் இருக்கும்.

2

கிரேன் என்பது பட்டப்பெயர். வீடு மாற்றித் தருகிற கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாகச் சுமக்கிற ஆள். ஒரு வண்டிக்கு நாலு பேர்: கிரேன், அவர் மனைவியின் தம்பி, டிரைவர், அப்புறம் வாத்தியார். வாத்தியார் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்தியதில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு மூட்டை தூக்குகிறார், அதனால் வாத்தியார். கிரேன் மனைவியின் தம்பியை இந்தக் கதையில் மைத்துனன் என்றே வைத்துக்கொள்கிறேன். கதை அவன் பக்கத்திலேயே நடக்கும்.

பீரோவோ பியானோவோ மாடிப்படியில் ஏறும்போது நாலு மூலைக்கு நாலு பேர். மேலே இரண்டு, கீழே இரண்டு. எடையெல்லாம் கீழே இருக்கிறவன் தலையில்தான் இறங்கும். இருபத்திரண்டு வருடமாகக் கீழ் வலது மூலை கிரேனுடையது. கீழ் இடது மூலை பன்னிரண்டு வருடமாக மைத்துனனுடையது.

மற்ற வண்டிக்காரர்கள் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணித் தூக்குவார்கள். இந்த வண்டியில் எண்ணிக்கை கிடையாது. கிரேன் ஒரு பாட்டு முனகுவார். நேற்று கச்சேரி செய்தாரே, அந்தப் பாடகர் இளம்வயதில் பாடியது. அதில் பல்லவி முடிந்து உச்சத்துக்கு ஏறுவதற்கு முன்னால் பாடகர் ஒரு மூச்சு இழுப்பார். ரெக்கார்டிலேயே தெளிவாகக் கேட்கும். கிரேன் அந்த மூச்சை அப்படியே இழுப்பார். அந்த இடத்தில் நாலு பேரும் தூக்க வேண்டும். புதிதாகச் சேர்கிறவனுக்கு முதல் வாரம் சுமை கிடையாது, பாட்டுதான்.

"எண்ணினா மூணுல ஒருத்தன் தூக்குவான், மூணு முடிஞ்சு ஒருத்தன் தூக்குவான். மூச்சு அப்படி இல்ல. ஒருத்தன் இழுத்தா பக்கத்துல இருக்கிறவனுக்கும் நெஞ்சு விரியும்" என்பார் கிரேன்.

* இது விஞ்ஞானப்படி சரியா என்று எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வருடத்தில் ஒரு கண்ணாடிகூட உடையவில்லை, அது தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் குடிகாரனை மன்னிப்பார்கள், தாமதமாக வருகிறவனை மன்னிப்பார்கள். 'கை வைக்கிறவனை' மட்டும் மன்னிக்க மாட்டார்கள். கை வைக்கிறவன் என்றால், சுமையில் கையை வைத்திருப்பான், முகத்தைச் சுளிப்பான், முக்குவான், ஆனால் தூக்க மாட்டான். அவன் பங்கும் பக்கத்து ஆள் மேல் ஏறும்.

3

ஒரு பல் டாக்டர் வீட்டுப் பியானோவை மூன்றாவது மாடிக்குக் கீறல் இல்லாமல் ஏற்றினார்கள். டாக்டருக்கு முழங்கால் சரியில்லை, கூட்டத்தில் போக முடியாது. தன்னிடமிருந்த இரண்டு டிக்கெட்டைக் கிரேன் கையில் கொடுத்தார். பாடகர் பெயரைப் படித்ததும் கிரேன் டிக்கெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், ஒரு கைக்குத் தாங்காது என்பதுபோல.

"மாப்ள, நீ வா" என்றார் மைத்துனனிடம்.

"அக்காவைக் கூட்டிட்டுப் போங்க மாமா."

"அவளுக்கு அந்தாளு மூஞ்சியே பிடிக்காது. இருபத்திரண்டு வருஷமா நம்ம ரெண்டாவது பொண்டாட்டி அவரு."

நாலு மணி என்று போட்டிருந்தது. மூன்றரைக்கே போய் உட்கார்ந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலி. முன்னால் ஒரு விளக்குத் தூண், மேடையில் பாதியை மறைத்தது. கிரேன் தூணை மேலும் கீழும் பார்த்தார்.

"நாலு ஆள் சுமை. ரெண்டு பேரை வச்சு ஏத்திருக்கானுங்க. பாரு, சாஞ்சு நிக்குது."

ஐந்து மணிக்கு ஒருவர் வந்து, பாடகர் வந்துகொண்டிருக்கிறார் என்றார். ஐந்தரைக்கும் வந்துகொண்டிருந்தார். கிரேன் ஒரு புட்டத்திலிருந்து இன்னொரு புட்டத்துக்கு மாறி மாறி உட்கார்ந்தார். இடுப்பில் கையை வைத்து அமுக்கினார். மைத்துனன் பார்க்காத மாதிரி மேடையைப் பார்த்தான்.

ஆறு மணிக்குப் பாடகர் வந்தார். முதல் பாட்டில் இரண்டு வரி பாடிவிட்டு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினார். மிச்சத்தைக் கூட்டம் பாடியது. பிறகு தன் உடம்பைப் பற்றி, தன் நன்றியைப் பற்றி, ஒரு வாஷிங் மெஷினைப் பற்றிப் பேசினார். பிறகு பதினோரு பாட்டை ஒன்றாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு.

"சாமானைப் பிரிச்சுப் பிரிச்சு அட்டைப் பெட்டியில போடுற மாதிரி இருக்கே" என்றார் கிரேன்.

"நம்ம பாட்டு வரட்டும் மாமா."

"நம்ம பாட்டுல ஏமாத்த முடியாது. அந்த மூச்சு இருக்குல்ல."

4

(இந்தப் பகுதியை நாலு தடவை எழுதினேன்.)

பாட்டு வந்தது. கிரேன் எழுந்து நின்றார். பின்னால் இருந்த பெண் "உக்காருங்க சார்" என்றாள். அவர் காதில் விழவில்லை. இரண்டு கையும் இடுப்பு உயரத்துக்கு வந்தது, உள்ளங்கை மேல்நோக்கி, பீரோவின் அடிக்குக் கொடுப்பதுபோல. மைத்துனனுடைய கையும் தானாக அப்படித்தான் வந்தது. பழக்கம்.

பெரிய திரையில் பாடகரின் முகம், கழுத்து, நெஞ்சு. பல்லவி முடிந்தது. ஒலிபெருக்கியில் அந்த மூச்சு வந்தது. ரெக்கார்டில் இருக்கிற அதே மூச்சு, அதே நீளம்.

பாடகர் அப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர்ப் பாட்டில் வாயில் இருந்தது. தொண்டை விழுங்கிக்கொண்டிருந்தது. நெஞ்சு அசையவில்லை. உச்சத்து வரி மைதானம் முழுக்க முழங்கியது. அவர் சாவகாசமாக மூடியைத் திருகிவிட்டு, வரியின் கடைசிச் சொல்லுக்கு வாயைக் கொண்டுவந்து சேர்த்தார். கூட்டம் கைதட்டியது. பாதிப் பேர் கவனிக்கவில்லை. கவனித்தவர்களும் வந்தோமா, போட்டோ எடுத்தோமா என்று இருந்தார்கள். ஆனால் நெஞ்சு விரிகிறதா என்று பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருக்கிற ஒருவர் அங்கே நின்றுகொண்டிருந்தார்.

"கை வைக்கிறான்டா!" என்று கத்தினார் கிரேன். "மாப்ள, இவன் தூக்கல! கை வைக்கிறான்!"

சுற்றிலும் இருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பார்கள். மைத்துனனுக்குப் புரிந்தது.

5

பாடகர் மேல் எனக்குக் கோபம் வர மாட்டேன் என்கிறது. இது கதைக்கு நல்லதல்ல. கோபம் இருந்தால் வாக்கியம் வேகமாக ஓடும். ஒரு பத்தி முழுக்க அவரைத் திட்டிப் பார்த்தேன்: காசு பிடுங்கி, பொம்மை, செத்த குர… வேண்டாம்.

அவருக்கு எழுபதை நெருங்குகிறது. அந்த உச்சத்துக்கு ஏறிப் பார்த்திருப்பார். ஏதோ ஒரு ஒத்திகையில் குரல் பாதியில் முறிந்திருக்கும். தபேலாக்காரர் தலையைக் குனிந்திருப்பார். யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் ஒருத்தர் பெயரை நம்பி நாற்பது குடும்பம். சரி, பழைய பதிவைப் போடு, யாருக்குத் தெரியப்போகிறது என்று யாரோ ஒருவர், நல்ல மனசோடுதான், சொல்லியிருப்பார்.

* அந்த 'யாரோ ஒருவரை' எனக்குத் தெரியும். கீழ் இடது மூலையில் நிற்கிறவன்.

சொல்லிவிடுகிறேன். எட்டு மாதமாகக் கிரேன் தூக்குவதில்லை. தோளில் மாட்டித் தூக்குகிற வார் இருக்கிறதே, அது எடை ஏறினால் கம்பி மாதிரி விறைக்கும். அவருடைய வார் ஒரு விரல் நுழைகிற அளவுக்குத் தொய்ந்து கிடக்கும். முகம் சுளிப்பார், முக்குவார், மூச்சைச் சரியாக இழுப்பார். எடை மட்டும் மைத்துனன் பக்கம் வரும். டிரைவர் முதல் வாரமே கண்டுபிடித்தார். வாத்தியார் இரண்டாவது வாரம். மூன்று பேரும் டீக்கடையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான் பேச்சு. அப்புறம் மேலே இருக்கிற இருவரும் படியில் கொஞ்சம் அதிகமாகக் குனிய ஆரம்பித்தார்கள், எடையைத் தங்கள் பக்கம் இழுக்க.

கிரேனுக்குத் தெரியுமா? இந்தப் பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் அங்கேதான். இருபத்திரண்டு வருடம் சுமந்த தோளுக்கு வார் தொய்ந்திருப்பது தெரியாதா? தெரிந்துகொண்டே செய்கிற ஆள் என்றால் மைதானத்தில் அப்படிக் கத்துவாரா? கத்துவார் என்றும் தோன்றுகிறது.

6

பாதியிலேயே கிளம்பிவிட்டார்கள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

"முடியலன்னா இறங்கிடணும் மாப்ள" என்றார் கிரேன். "நான் இனிமே பாட மாட்டேன்னு சொல்லிட்டு வீட்ல உக்காரு. யாரு என்ன சொல்லப்போறான்? அந்த மூச்சை நம்பி நாம எத்தனை பீரோ ஏத்திருப்போம்."

"ம்."

"என்ன ம்? அவன் பண்ணது தப்பா இல்லையா?"

"வயசாயிடுச்சுல்ல மாமா."

"வயசானா?"

மைத்துனன் ஜன்னல் பக்கம் திரும்பினான். கிரேன் தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே வந்தார். மூன்று நிறுத்தம் போயிற்று.

"திங்கக்கிழமை எது?"

"வக்கீல் ஆபீஸ் பீரோ. இரும்பு. நாலாவது மாடி, லிஃப்ட் இல்ல."

"படி?"

"குறுகல். திருப்பத்துல கைப்பிடி இல்ல."

கிரேன் தலையாட்டினார். அப்புறம் இருபத்திரண்டு வருடத்தில் ஒருநாளும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"கீழ் மூலை நான்தானே?"

(இந்த இடத்தில் மைத்துனன் சொல்லியிருக்கக்கூடிய பதில்கள்:

"இந்தத் தடவை மேல நில்லுங்க மாமா, வாத்தியார் கீழ வரட்டும்."

"உங்க இடுப்பை டாக்டர்கிட்ட காட்டுங்க. அப்புறம் பேசலாம்."

"மாமா, எனக்குத் தோள் வலிக்கு…")

அவன் சொன்னது இது:

"எப்பவும் நீங்கதானே மாமா."

கிரேன் அவனை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வீடு வரும்வரை பாட்டை முனகவில்லை.

7

இனி முடிவு. அது என்னிடம் இல்லை. திங்கள்கிழமை என்பது நாளைக்குத்தான். எழுதிப் பார்த்தவற்றைத் தருகிறேன்.

ஒன்று: கிரேன் மூச்சு இழுக்கிறார். இந்தத் தடவை நிஜமாகவே தூக்குகிறார். வார் விறைக்கிறது. மைத்துனன் பக்கம் எட்டு மாதத்துக்குப் பிறகு லேசாகிறது. மூன்றாவது மாடித் திருப்பத்தில் அவர் இடுப்பில் ஏதோ ஒன்று… (இதை எழுதி முடிக்கவில்லை. என் அக்கா முகம் வந்தது.)

ஆம், என் அக்கா. தோள் வலி யாருடையது என்று முதல் வரியிலேயே சொன்னேன். மைத்துனன் என்று எழுதினால் வலி கொஞ்சம் தள்ளி இருக்கும் என்று பார்த்தேன். இருக்கவில்லை.

இரண்டு: படிக்குக் கீழே நின்று, "நான் வண்டியைப் பாத்துக்குறேன், நீங்க ஏத்துங்க" என்கிறார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எண்ணுகிறோம்.

மூன்று: எதுவும் மாறவில்லை. அவர் கை வைக்கிறார், நாங்கள் தூக்குகிறோம். இதில் ஒருநாள் யாருடைய காலாவது போகும். பெரும்பாலும் என்னுடையது.

நீங்கள் இதைப் படிக்கும்போது திங்கள்கிழமை தாண்டியிருக்கும். பீரோ மேலே போயிருக்கும், அல்லது போயிருக்காது. உங்களுக்கு எது பொருத்தமாகப் படுகிறதோ எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு அசதியாக இருக்கிறது. காலையில் ஏழு மணிக்கு வண்டி.

ஒன்றே ஒன்று பாக்கி. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால், நான் சேர்ந்த புதிதில், மணிக்கட்டு எலும்பு முறிந்து கோணலாகக் கூடியது. பிடி நிற்காது. தெரிந்தால் கம்பெனியில் அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள். நாலு மாதம் நான் கை வைத்தேன், கிரேன் இரண்டு மூலையையும் சுமந்தார். டிரைவரிடம் சொல்லவில்லை. அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. என்னிடமே அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எடையைப் பொறுத்தவரை, எட்டு மாதம் சுமந்து அதைத் திருப்பிவிட்டேன். ஆனால் அவர் என்னுடையதை யாரிடமும் சொல்லவில்லை. நான் அவருடையதை உங்களிடம் சொல்லிவிட்டேன். அவர் இத்தனை வருடம் வாயை மூடியிருந்தாரே, அதை இன்னும் நான் திருப்பித் தரவில்லை.