கோட்டுக்கு வைத்த ஒப்பாரி

உடலைக் கிடத்துவதற்கு முன் ஒப்பாரி வைக்கக் கூடாது என்பது ஐரிஷ் மண்ணில், எங்கள் கானமாராப் பக்கத்துக் கட்டுப்பாடு. வைத்தால், உயிரைக் கவ்வக் காத்துக் கிடக்கும் சாத்தானின் நாய்கள் விழித்துக்கொள்ளுமாம். பாஸ்டனில் டிராம் ஓட்டும் எனக்கு இதெல்லாம் சிரிப்பு. என் மனைவி நாப்லாவுக்கு அப்படி இல்லை.

அந்தக் குளிர்காலத்தில், ஊரில் விடுதலைச் சண்டையில் இறங்கியிருந்த அவள் தம்பி கோல்மனை ஆங்கிலேயச் சிப்பாய்கள் சுட்டுவிட்டதாகக் கப்பலில் வந்த ஊர்க்காரன் சொன்னான். உடல் கிடைக்கவில்லை. அதனால் நாப்லா அழவில்லை. வேலை செய்யும் பெரிய வீட்டில் ஆங்கிலம், எங்கள் சமையலறையில் ஐரிஷ் என்று இருந்தவள் இரண்டையும் நிறுத்தினாள். சாப்பாடும் இறங்கவில்லை. இவளும் போய்விடுவாளோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

புனித பிரிஜித்தின் திருநாளன்று மதியம், சாவு வீட்டு முறைப்படி கடிகாரத்தை நிறுத்தினாள். சன்னலைத் திறந்தாள். தம்பி வந்தால் போடட்டும் என்று வாங்கி வைத்திருந்த கோட்டைக் கட்டிலில் கிடத்திப் பொத்தான் மாட்டினாள்.

"கீழ் வீட்டு இத்தாலிக்காரன் போலீசைக் கூப்பிடுவான்டி."

"கூப்பிடட்டுங்க. என் நெஞ்சு வெடிச்சிடும்போல இருக்கு."

தலையை விரித்துப் போட்டு ஐரிஷில் ஆரம்பித்தாள். "எந்திரிடா கோல்மன்! அக்கா கூப்பிடறேன்ல, எந்திரி!" தெருவில் ஒரு நாய் குரைத்தது. சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

மறு வருடம் சண்டை ஓய்ந்து, நாடு எங்கள் கைக்கு வந்தது. ஒருநாள் கதவைத் தட்டிக்கொண்டு கோல்மன் உயிரோடு வந்து நின்றான். நாப்லா அவன் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்துக் கதறினாள். அந்தக் கோட்டையே போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான்.

"பிரிஜித் நாளன்னிக்குச் சாயங்காலம் மச்சான், நானும் எங்கூடச் சண்டை போட்ட டார்பியும் சதுப்புல ஒரு பள்ளத்துல பதுங்கியிருந்தோம். சிப்பாய்ங்க நாயோட வந்து தாண்டிப் போயிட்டானுங்க. தப்பிச்சோம்னு நெனச்சப்ப அக்கா கொரல் கேட்டுச்சு. 'எந்திரி'ன்னு. எந்திரிச்சுட்டேன்! நாய்ங்க குரைக்க ஆரம்பிச்சிருச்சு. என்னை இழுத்து அமுக்கத்தான் டார்பி எந்திரிச்சான். குண்டு அவன் மேல பாஞ்சிருச்சு." தலையைச் சொறிந்துகொண்டான். "அக்கா இங்க இருக்கு. கொரல் எப்படி அங்க வரும்? எனக்குக் கிறுக்குத்தான் புடிச்சிருக்கணும்."

எதையாவது கிண்டலாகச் சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். பாஸ்டனில் மதியம் என்றால் அங்கே சாயங்காலம் என்பது அப்போதுதான் உறைத்தது. நாப்லா எழுந்து போய்ச் சன்னலைச் சாத்தினாள். திரும்பி வந்து, இன்னும் கொஞ்சம் டீ வேண்டுமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"அக்கா என்ன சொல்லுது மச்சான்?" ஆங்கிலம் தெரியாத கோல்மன் என்னைக் கேட்டான்.

அன்றிலிருந்து அவள் ஐரிஷ் பேசவில்லை. அந்த மொழிக்காகவும்தான் துப்பாக்கி எடுத்தவன் எங்கள் வீட்டிலேயே இருக்கிறான். கூடப் பிறந்த இருவருக்கும் நடுவில் நான் மொழிபெயர்க்கிறேன்.

"நாடே நம்மளதாயிருச்சு. நம்ம பாஷையில ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க மச்சான்," என்று கெஞ்சுவான்.

அவள் சன்னலைப் பார்த்தபடி, என்னிடம் ஆங்கிலத்தில், மெதுவாகச் சொல்வாள்: "நாய்ங்க இன்னும் தூங்கல."

அதை மட்டும் நான் அவனுக்குச் சொன்னதில்லை.