கடல்வேங்கையின் முதுகு

என் அக்கா மகன் அய்யப்பனைக் கடல்வேங்கை என்றால்தான் உங்களுக்குத் தெரியும். பதினோரு படங்களில் கடலில் குதித்தவன். ஒரு படத்தில் மூழ்கிய கப்பலைத் தோளில் தூக்கிக்கொண்டு கரையேறினான். அந்தத் தோள் என்னுடையது. கப்பல் அப்படியொன்றும் கனமில்லை.

பிள்ளைச்சாவடியில் பிறந்தவன்தான். ஆனால் ஏழு வயதுக்குப் பிறகு கடலில் கால் நனைத்ததில்லை. கடலுக்குப் போன அப்பன் மூன்றாம் நாள் கரை ஒதுங்கியபோது, அடையாளம் காட்ட அவனைத்தான் கூட்டிப்போனார்கள். அதிலிருந்து குளிப்பதுகூட ஒரு சொம்புத் தண்ணீரில், கண்ணைத் திறந்துகொண்டே. இது எனக்கும் அக்கா குஞ்சம்மாளுக்கும் மட்டும் தெரியும். முகம் அவனுடையது, முதுகு என்னுடையது என்று முப்பது வருடம் ஓட்டினோம்.

போன மாசியில் அக்கா செத்துப்போனாள். மகன் மொட்டையடித்து, எலும்புக் கலசத்தோடு இடுப்பளவு கடலில் இறங்கி மூன்று முழுக்குப் போட வேண்டும். கரையில் நாலாயிரம் ரசிகர்கள். வானமெல்லாம் கேமரா. காக்காய்கள் இடமில்லாமல் தவளக்குப்பம் போய்விட்டன.

வலைக்கொட்டகைக்குள் கலசத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மொட்டைத் தலையெல்லாம் வியர்வை.

"மாமா, நீயே போயிடு."

"டேய், இது ஷூட்டிங் இல்லடா. உங்கம்மா."

"தெரியுது. காலு வரமாட்டேங்குது."

"முட்டி வரைக்கும் வா. நான் புடிச்சிக்கிறேன்."

எழுந்தான். வாசல் வரை வந்தான். அலை கண்ணில் பட்டதும் வேட்டி நனைந்துவிட்டது. கடல் இன்னும் நூறு அடி தள்ளியிருந்தது.

"வெளிய தெரிஞ்சா செத்தேன் மாமா."

"செத்தது நீ இல்லடா."

அந்த வேட்டியை நான் கட்டிக்கொண்டேன். எப்படியும் நனையப்போவதுதானே. எனக்குக் கடவுளே மொட்டை போட்டிருந்தார். முதுகுக்கு வயது தெரியாது. கலசத்தை இடுப்பில் இடுக்கி, துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதபடி நடந்தேன். முப்பது வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே அழுகைக் காட்சி.

முதல் முழுக்குக்கு விசில். இரண்டாவதுக்கு 'தலைவா' என்றார்கள். மூன்றாவதில் அக்காவை விட்டேன். பட்டாசு வெடித்தது.

திரும்பி வந்தபோது கொட்டகை மூலையில் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தான்.

"அம்மா போயிடுச்சா?"

"போயிடுச்சு."

"எறங்குனது நான் இல்லன்னு அதுக்குத் தெரிஞ்சிருக்குமா மாமா?"

கப்பலைத் தூக்கினேன், சுறாவின் பல்லை எண்ணினேன் என்று ஊரெல்லாம் அளந்தவன் நான். அன்றைக்கு ஒரு சின்னப் பொய்கூட வாயில் வரவில்லை.

மறுநாள் பேப்பரில் முதல் பக்கத்தில் என் முதுகு. 'தாயைக் கடலன்னையிடம் ஒப்படைத்த தனயன்.' ரசிகர்கள் அதைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, அவன் வீட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டார்கள். வருகிறவர்கள் தொட்டுக் கும்பிடுகிறார்கள்.

அவன் எப்போதும் அதற்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறான்.