மாமியாரின் அலமாரி

சார்ஜர் எடுக்கப் படுக்கையறைக்குப் போனபோதுதான் அதைப் பார்த்தேன். என் கணவர் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். காதில் ஹெட்செட், மடியில் லேப்டாப். திரையில், எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில், அவருடைய ஆள் ஒரு சுவரோரமாக நின்றுகொண்டிருந்தான். ஓடவில்லை, ஒளியவில்லை, பஸ்ஸுக்கு நிற்பவனைப் போல நின்றான். அதே சுவருக்கு மறுபக்கம், கூடத்தில் நான் அப்படியே விட்டுவந்த ஆட்டத்தில், என் கொலைகாரன் நின்றிருந்தான். அதாவது என்னிடம் அடி வாங்குவதற்காக என் கணவர் பொறுமையாகக் காத்துக்கொண்டிருந்தார்.

“ஏன் நிக்கிறீங்க?” என்றேன்.

அவர் மைக்கை அணைத்தார். பொய் சொல்லும்போது அவருக்குக் காது மடல் சிவந்துவிடும். “நெட்டு ஸ்லோவா இருக்கு.”

“ஒரே வீட்டு நெட்டுதானே. எனக்கு நல்லா ஓடுதே.”

காது இன்னும் சிவந்தது. “அம்மாதான் சொன்னாங்க. பாவம், அவளுக்குப் பழக்கமில்ல, பிடிக்கட்டும், சந்தோஷப்படுவான்னு.”

“எப்போலேருந்து?”

“ஆரம்பத்துலேருந்தே.”

போன ஞாயிறு நான்கு பேரையும் பிடித்துவிட்டுக் கூடத்தில் நான் தனியாக ஒரு சின்ன டான்ஸே ஆடியிருந்தேன். அது நினைவுக்கு வந்ததும் உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. சார்ஜரை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய் என் லேப்டாப்பை மூடிவைத்தேன். நெட்டு போய்விட்டது என்று அவர்களாக நினைத்துக்கொள்ளட்டும்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு கொலைகாரன், தப்பி ஓட நான்கு பேர். ஒரு பாழடைந்த பண்ணைக்குள் எல்லோரும் அடைபட்டிருப்போம். ஐந்து மோட்டார்களை ரிப்பேர் செய்துவிட்டால் வாசல் கேட் திறக்கும், நான்கு பேரும் தப்பிவிடுவார்கள். அதற்குள் கொலைகாரன் அவர்களைப் பிடிக்க வேண்டும். இரண்டு அடி விழுந்தால் ஆள் கீழே விழும், தூக்கிக் கூண்டில் போடலாம். கூட்டாளி வந்து ஒருமுறை திறந்துவிட முடியும். மறுபடி மாட்டினால் அவ்வளவுதான். மதியச் சாப்பாடு முடிந்து மூன்று மணிக்கு எல்லோரும் அவரவர் வீட்டிலிருந்து ஒரே போன் காலில் சேர்ந்துகொள்வோம். கொலைகாரனும் அதே காலில்தான் இருப்பான், அதனால் மற்றவர்கள் ரகசியம் பேச முடியாது. பேசாமலும் அவர்களால் இருக்க முடியாது.

கொலைகாரன் நான். நான்கு பேர் யாரென்றால், என் கணவர், அவருடைய தம்பி, தங்கை, அம்மா. என் கணவருக்கு வீட்டில் பெயர் ஆமை. கொழுந்தன் டிரைவிங் ஸ்கூலில் ஓட்டக் கற்றுத்தருகிறவர், ஆனால் எதற்கெடுத்தாலும் வாதம் பண்ணுவதால் வக்கீல். நாத்தனார் பல் டாக்டரிடம் உதவியாளர், அவள் ஊசி. மாமியார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருடம் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஹெட்செட்டை எங்கள் எல்லோரையும்விட அழகாக மாட்டிக்கொள்வார். பிள்ளைகள் மூவரையும் அவர் கூப்பிடுவது எருமை என்றுதான். அதில் மூத்தது இளையது என்ற பாகுபாடு கிடையாது.

எனக்கு மட்டும் பெயர் கிடையாது. “வாம்மா”, “உட்காரும்மா”, “நீ ஏம்மா பாத்திரத்தைத் தொடுறே”. கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது, மாமியார் வீட்டில் இன்னும் விருந்தாளிக்கான நல்ல டம்ளரில்தான் எனக்குத் தண்ணீர் வரும். அவர்களுக்குள் ரிமோட்டுக்குச் சண்டை, ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை, பத்து வருடத்துக்கு முன்னால் யார் குடையைத் தொலைத்தது என்று இன்றுவரை சண்டை. நடுவில் நான் உட்கார்ந்திருந்தால் வக்கீல் என் பக்கம் திரும்பி, “அது ஒண்ணுமில்ல அண்ணி, அந்தக் குடை கதை என்னன்னா” என்று எனக்கு விளக்குவார். விளக்க வேண்டியிருக்கிற மனுஷி நான். ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவள், என்னோடு சண்டை போட ஆளே இருந்ததில்லை. இந்தக் குடும்பத்துக்கு வந்ததும் முதலில் எனக்குப் பிடித்ததே அந்தச் சத்தம்தான். ஒரு நாளாவது என்னையும் திட்டமாட்டார்களா என்று இருந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

அன்று சாயங்காலம் குடும்ப குரூப்பில் எழுதினேன். ‘அடுத்த ஞாயிறு நான் தோட்டக்காரனை எடுக்கிறேன். யாராவது விட்டுக்கொடுத்தது தெரிந்தால் அதோடு நான் விளையாட வரமாட்டேன். இது சத்தியம்.’

ஊசி மட்டும் பதில் எழுதினாள்: ‘தோட்டக்காரனா? அண்ணி, வேண்டாமே.’

அவள் பயந்தது எனக்காகத்தான். மற்ற கொலைகாரர்களுக்கு ஏதாவது சக்தி உண்டு. ஒருவன் பறப்பான், ஒருவன் மறைவான், ஒருத்தி சுவருக்குள் புகுந்து வருவாள். தோட்டக்காரனுக்கு ஒரு மண்வெட்டி, ஒரு லாந்தர், இரண்டு கால். நடப்பான், கிட்டே போனால் அடிப்பான், அவ்வளவுதான். அவனை யாரும் எடுப்பதில்லை. எனக்கு அவனைப் பிடித்துப்போனது. அவனும் நானும் காலையில் எழுந்து வேலைக்குப் போகிறவர்கள்.

அந்த வாரம் வேலைக்குக் கிளம்புமுன் தினமும் ஒரு மணி நேரம் முகம் தெரியாதவர்களோடு விளையாடினேன். திங்கட்கிழமை ஒருவரைக்கூடப் பிடிக்கவில்லை. கேட் திறந்த பிறகும் போகாமல் என் முன்னால் நின்று உட்கார்ந்து எழுந்து நக்கல் பண்ணிவிட்டுப் போனார்கள். செவ்வாயும் அதே கதை. நான் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில், பவர் பார்ப்பதும் பிரேம் பொருத்துவதும் என் பொறுப்பு. புதன்கிழமை ஒரு அம்மா வந்து, விலை குறைந்த பிரேமைக் கையில் வைத்து அதையே புகழ்ந்துகொண்டிருந்தார். கண் மட்டும் மேல்தட்டில் இருந்த சிவப்புப் பிரேமுக்குப் போய்ப் போய் வந்தது. பத்து நிமிடத்தில் கையும் அங்கே போயிற்று. பதினோரு வருடமாக இதைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. கண் முதலில் போகும், உடம்பு பின்னாலேயே வரும். ஓடுகிறவர்களின் காலைத் துரத்தியதுதான் நான் செய்த தப்பு.

வியாழக்கிழமை இரண்டு பேரைப் பிடித்தேன். வெள்ளிக்கிழமை லாந்தரின் சூட்சுமம் பிடிபட்டது. தோட்டக்காரனின் முகம் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் வெளிச்சம் விழும். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவன் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் எந்த வழியாக ஓடுவது என்று முடிவு செய்வான். நான் திரும்பிக்கொண்டு பின்பக்கமாக நடந்தால்? வெளிச்சம் ஒரு பக்கம் போகும், நான் இன்னொரு பக்கம் போவேன்.

ஞாயிறு மூன்று மணி. எல்லோரும் காலில் சேர்ந்தார்கள். வழக்கமான சத்தம் இல்லை. பரீட்சை ஹால் மாதிரி இருந்தது.

“நிஜமாவே ஓடணுமா அண்ணி?” என்றார் வக்கீல்.

“ஓடுங்க. உங்களால முடிஞ்சா.”

முதலில் மாட்டியது என் கணவர். சூப்பர் மார்க்கெட்டில் டிராலியோடு போனாலும் இடது பக்கம்தான் திரும்புவார், அங்கும் அப்படியே திரும்பினார். ஒரு அடி, இன்னொரு அடி, கூண்டு. “என்னடி இது,” என்று படுக்கையறையிலிருந்து அவர் நிஜக் குரலே கேட்டது. அவரைத் திறந்துவிட ஊசி வருவாள் என்று எனக்குத் தெரியும். யாரையும் விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனசு வராது, டாக்டரிடம் வரும் அழுமூஞ்சிக் குழந்தைகளைக்கூட வீடுவரை கொண்டுபோய் விடுகிறவள். நான் தள்ளிப் போகிற மாதிரிப் போய்விட்டுத் திரும்பி வந்தேன். அவள் திறந்தாள், இருவரும் ஓடினார்கள். ஆமை மறுபடி இடது பக்கம் திரும்பியது. அதன்பிறகு ஊசியும் மாட்டினாள். அவளைத் திறந்துவிட்ட வக்கீலை விட்டுவிட்டு, நொண்டிக்கொண்டு ஓடிய அவளையே மறுபடி துரத்திப் பிடித்தேன்.

ஆனால் அதற்குள் மூன்று மோட்டார்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. வக்கீல் நான்காவதையும் முடித்துவிட்டு, ஒரு இடிந்த சுவரைச் சுற்றி என்னை இழுத்தடித்தார். மனிதர் நன்றாகவே ஓடினார். நான்கு சுற்று சுற்றினோம். ஐந்தாவது சுற்றில் நான் திரும்பிக்கொண்டு பின்பக்கமாக நடந்தேன். வெளிச்சம் வலது பக்கம் போவதைப் பார்த்து அவர் இடது பக்கம் வந்தார். நேராக என் மண்வெட்டிக்கே வந்தார். நொண்டிக்கொண்டு திரும்பியவருக்கு இரண்டாவது அடியும் அங்கேயே விழுந்தது. தூக்கிக் கூண்டில் போட்டேன்.

“இது அநியாயம்,” என்றார். “வெளிச்சம் அந்தப் பக்கம் வந்துச்சு. நான் பார்த்தேன். இது செல்லாது.”

“ஏன் செல்லாது?”

“இண்டிகேட்டர் ஒரு பக்கம் போட்டுட்டு இன்னொரு பக்கம் திருப்பினா லைசன்சே கிடையாது, தெரியும்ல?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் என்னோடு வாதம் பண்ணிக்கொண்டிருந்தார். குடை கதையை விளக்குகிற குரல் இல்லை அது, ஆமையிடமும் ஊசியிடமும் கத்துகிற அதே குரல்.

மீதி மாமியார் ஒருவர்தான். எப்போதும் ஏதாவது அலமாரிக்குள் ஒளிந்துகொள்கிறவர், வக்கீலைத் திறந்துவிட வரமாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். ஐந்தாவது மோட்டார் பண்ணைக் கிடங்குக்குள் இருந்தது. போய்ப் பார்த்தேன். முக்கால்வாசி முடிந்து புகைந்துகொண்டிருந்தது, ஆளைக் காணோம். எதிரில் சுவரோரமாக மூன்று மர அலமாரிகள்.

“அண்ணி,” என்றாள் ஊசி கூண்டுக்குள்ளிருந்து. குரல் இறங்கியிருந்தது. “அங்க வேண்டாம்.”

“ஏன்?”

என் கணவர்தான் சொன்னார். “நீ சேர்றதுக்கு முன்னாடி, முதல் தடவை விளையாடினப்ப வக்கீல்தான் கொலைகாரன், அம்மா ஒளிஞ்சிருந்த அலமாரியைத் திறந்து அடிச்சுட்டான். அம்மா அலறி ஹெட்செட்டைத் தூக்கிப் போட்டுட்டாங்க. ரெண்டு வாரம் யார்கிட்டயும் பேசல. அதுலேருந்து அம்மா அலமாரியை நாங்க யாரும் திறக்கிறதில்ல.”

நான் சேர்ந்த ஆறு மாதமாக அந்தக் கதவுகளைத் தாண்டி நான் போய் வந்திருக்கிறேன். கடைசி ஆளாக அவர் வெளியே வந்து அடி வாங்கியதெல்லாம் அவராக இரக்கப்பட்டு வந்தது என்று இப்போது புரிந்தது. ஹெட்செட்டில் மாமியார் வீட்டு ஃபேன் சுற்றும் சத்தமும், அவர் மூச்சு விடும் சத்தமும் கேட்டன. விளையாட்டில் ஒளிந்தால் அவர் நிஜத்திலும் மூச்சை அடக்கிக்கொள்வார், அது எனக்குத் தெரியும். முதல் அலமாரி முன் நின்றேன். மூச்சு கேட்டது. இரண்டாவதின் முன் நின்றேன், கேட்டது. மூன்றாவதற்கு வந்ததும் ஃபேன் சத்தம் மட்டும் மிச்சமிருந்தது.

திரும்பிப் போய்விடலாம். அவர் வெளியே வந்து மோட்டாரை முடித்துக் கேட்டைத் திறந்துகொண்டு போவார். “பரவால்லம்மா, நல்லா விளையாடினே,” என்பார். அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது அதே நல்ல டம்ளர் வரும். திறந்தால் என்ன ஆகுமோ தெரியாது. பெற்ற பிள்ளையோடேயே இரண்டு வாரம் பேசாதவர், நான் எம்மாத்திரம்? மவுஸைத் துணியில் துடைத்துக்கொண்டேன்.

கதவைத் திறந்தேன்.

அலறல் ஹெட்செட்டைத் தாண்டிக் கூடம் முழுக்கக் கேட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அழுத்தினேன். இன்னொரு தரமும் அழுத்தினேன். படுக்கையறையில் என் கணவர் கட்டிலிலிருந்து இறங்கும் சத்தம் கேட்டது.

“அடிப்பாவி,” என்றார் மாமியார்.

நான் ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“மாமியாருன்னு ஒரு மரியாதை வேண்டாம்? வாசல் கதவுன்னு நினைச்சியா, படார்னு திறக்கிறே? உனக்கெல்லாம் நெஞ்சுல ஈரமே கிடையாதா? எருமை. எருமை. இன்னும் ஒரு ஆட்டம் போடுங்கடா, இவளை நான் சும்மா விடமாட்டேன்.”

அதற்கப்புறம் ஒரே கூச்சல். வக்கீல் வெளிச்சப் பிரச்சினையை மறுபடி எடுத்தார். ஊசி, “அண்ணி பின்பக்கமா நடந்து வந்தாங்கடா, லூசு, நான் கூண்டுலேருந்து பார்த்தேன்,” என்று அவரை அடக்கினாள். “நீ ஏன் ரெண்டு தடவையும் லெஃப்டுலயே போனே?” என்று எல்லோரும் சேர்ந்து ஆமையைப் பிடித்துக்கொண்டார்கள். “நீங்க மூணு பேரும் எருமைன்னா இவ நாலாவது,” என்று மாமியார் நடுவில் ஒருமுறை சொன்னது என் காதில் விழுந்தது. என் கணவர் கதவருகே வந்து நின்று என்னைப் பார்த்தார். “ஏன் அழறே?” என்றார். அழவில்லை, சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். இவ்வளவு சந்தோஷத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கண் தானாக நனைந்துவிட்டது.

“போங்க, போய் உட்காருங்க,” என்றேன். “அத்தை ஆட்டம் கேட்கிறாங்க.”

இரண்டாவது ஆட்டத்தில் அவர்கள் உயிரைக் கொடுத்து ஓடினார்கள். வக்கீல் வெளிச்சத்தை நம்பவே இல்லை. ஊசி என் பின்னாலேயே வந்து தகரத்தை உதைத்துச் சத்தம் போட்டு வெறுப்பேற்றினாள். ஆமைகூட ஒருமுறை வலது பக்கம் திரும்பியது. எனக்கு ஒருவர்கூட மாட்டவில்லை. நான்கு மோட்டார்கள் ஓடிக்கொண்டிருந்தபோது கிடங்குக்குள் நுழைந்தேன். மூன்று அலமாரிகளும் அதே இடத்தில் இருந்தன. முதலாவதின் முன் போய் நின்றதும் மூச்சு நின்றது.

“லைன் பிஸியா இருக்கு,” என்றது ஹெட்செட்டில் பழைய ஆபரேட்டர் குரல். “கொஞ்ச நேரம் கழிச்சு முயற்சி பண்ணுங்க.”

மண்வெட்டியை ஓங்கிக்கொண்டு நின்றேன். அலமாரிக் கதவு மெல்ல, ஒரு விரற்கடை அளவு திறந்தது. இடுக்கில் அவருடைய ஆளின் முகம் பாதி தெரிந்தது. கண் என்னைப் பார்த்தது, பிறகு இடது பக்க ஜன்னலைப் பார்த்தது, பிறகு ஒன்றுமே தெரியாதது போல மறுபடி என்னைப் பார்த்தது. நான் லாந்தரை வலது பக்கம் திருப்பிக்கொண்டு, இடது பக்கம், அந்த ஜன்னலை நோக்கிப் பின்பக்கமாக ஒரு அடி வைத்தேன்.