ஆற்றை கார்?

ஜெர்மனியின் எசன் நகரத் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த முதலாவது கார் தரையைத் தொடவில்லை. நான்கு சக்கரங்களும் ஒரு சாண் உயரத்தில் நின்றன. கார்களுக்குக் கதவு பூட்டும் பகுதியில் வேலைசெய்த மன்னார் இராயப்பு குனிந்து பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனார். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். குளிர்பெட்டி செய்துகொண்டிருந்த ஒரு சீனக் கம்பெனி, கூட்டாளிகளைப் பிடித்துப் பிடித்தே கார் கம்பெனியாக வளர்ந்தது. ஜப்பான்காரர் எஞ்சின் கொடுத்தார்கள், இத்தாலிக்காரர் உடம்பை வரைந்தார்கள், கடைசியில் மூடிக்கிடந்த எசன் தொழிற்சாலையை ஜெர்மன்காரரோடு பாதிப்பாதியாக எடுத்தார்கள். அவரவர் தம் பங்கைத் தம்முடையதென்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். முழுக் காரும் என்னுடையது என்று சொல்ல ஒருவரும் இல்லை. ஆளில்லாத சாமானுக்குப் பாரம் எங்கிருந்து வரும்?

பிரேக் பரிசோதனைக்குச் சக்கரம் கீழே உருளையைத் தொட்டாக வேண்டும். கோடை முடிவதற்குள் கார் தேறாவிட்டால் தொழிற்சாலையை மறுபடி மூடுவதாகச் சீனாவிலிருந்து சொல்லிவிட்டார்கள். மூடினால் இராயப்புவின் பாடு திண்டாட்டம்தான். அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி படிக்காத, ஐம்பது தாண்டிய ஆளை வேறு யார் எடுப்பார்கள்? பொறியியலாளர்கள் மணல் மூட்டைகளை ஏற்றினார்கள். மூட்டைகளும் சேர்ந்து மிதந்தன.

"ஒருக்கா கேவெலார் மாதாவிட்டைக் கொண்டு போறன்" என்றார் இராயப்பு. களைத்துப்போயிருந்த மேலாளர் திறப்பைக் கொடுத்தார். மச்சான் பென்ஜமினின் வான் வண்டியில் கயிறு கட்டிப் பட்டம்போல இழுத்துப்போனார்கள். வழியில் மறித்த பொலிஸ் சீட் பெல்ட்டை மட்டும் பார்த்துவிட்டு விட்டது. எங்கள் சனம் வருடாவருடம் கூடும் கேவெலார் மாதா கோயில் திருவிழாவில் சுவாமியார் தீர்த்தம் தெளித்தார். கார் நனைந்தது, அவ்வளவுதான். இராயப்புவுக்கு அழுகை வந்தது.

எங்கள் சனத்துக்குக் கார் எந்தக் கம்பெனி என்பது பொருட்டில்லை, யாருடையது என்பதே பேச்சு. "ஆற்றை கார் வழியை மறிச்சு நிக்குது?" என்று யாரோ கேட்க, பாய் விரித்துக்கொண்டிருந்த இராயப்புவின் மனைவி பேர்பெச்சுவா, "எங்கடை இவற்றை கார்தான்" என்றார். கார் இரண்டு விரல் இறங்கியது. பிறகு, இராயப்பு அண்ணையின்ரை காரடியில நில்லுங்கோ, இராயப்பு அண்ணையின்ரை காருக்குப் பக்கத்தில சாப்பாடு இருக்கு என்று வளவு முழுக்க அதே கதை. பொழுதுசாயச் சக்கரம் புல்லை நசுக்கியது. வீட்டுக்கு ஓட்டியே வந்தார்கள்.

அந்தக் கார் பரிசோதனையில் தேறியது, தொழிற்சாலை தப்பியது. ஆனால் அடுத்தடுத்த கார்களும் மிதந்தபடிதான் வந்தன. அதனால் இராயப்புவைக் கதவிலிருந்து தூக்கி வாசலில் நிறுத்தினார்கள். "இது லவினியாவின்ரை", "இது கொட்வினின்ரை" என்று தெரிந்த சனத்தின் பெயர்களை அவர் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாய் இறங்கும். சீனாவிலிருந்து வந்த கம்பெனிப் பெரியவர் தன் பெயரைச் சொல்லிப் பார்த்தார். பின்சக்கரங்கள் மட்டும் இறங்கின.

சொந்தம், அயல், கோயில் சனம் எல்லாம் தீர்ந்த ஒரு காலையில் இராயப்பு கொஞ்சம் யோசித்தார். சைக்கிள்கூடச் சொந்தமாய் இல்லாமல் ஊரில் யுத்தத்தில் செத்துப்போன தம்பியின் நினைவு வந்தது. "இது எங்கடை சூசையின்ரை" என்றார். கார் தடாலென இறங்கி, சீமெந்துத் தரையில் ஒரு கீறல் விழுந்தது. பான் நகரில் ஆராய்ச்சி செய்யும் அம்பிகா என்ற பெண் அந்தக் காரை வாங்கினார். "ரோடு கிரிப் ரொம்ப நல்லா இருக்கு" என்கிறார்.