நேர்ப்பேச்சு

அவர் கையிலிருந்த டம்ளர் நழுவி விழுந்து தண்ணீர் கட்டிலுக்கடியில் ஓடியபோது அவள் வழக்கம்போலத்தான் சொன்னாள்: "ரொம்ப சந்தோஷம். தரையக் கழுவணும்னு இருந்தேன், துரையே முடிச்சுக் குடுத்துட்டீங்க."

அவர் முகம் மலர்ந்தது. இடதுகாலை இழுத்துக்கொண்டு மேஜைவரை போனார். ஜக்கை எடுத்து அதிலிருந்த தண்ணீரையும் தரையில் கவிழ்த்தார். பதிலுக்குப் பதில் கொடுக்கிறார் என்று நினைத்து அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து திரும்பிய மனுஷன் பழையபடி வம்புக்கு வந்துவிட்டார் என்றால் சும்மாவா? பிறகுதான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். உதவி செய்துவிட்டு, நல்ல வார்த்தைக்காகக் காத்து நின்ற முகம் அது.

அவள் அச்சகத்தில் பைண்டிங் வேலை பார்ப்பவள். அவர் லேத் பட்டறைக்காரர். ஒருமுறை அச்சகத்துக் கட்டிங் மெஷினின் உதிரிப்பாகம் ஒன்றைக் கடைந்து தருவதாகச் சொல்லி ஒரு வாரம் இழுத்தடித்துவிட்டு வந்து நின்றார். "அடடா, இவ்வளவு சீக்கிரமா வந்துட்டீங்களே" என்றாள் அவள். "உங்க வரவேற்பை நினைச்சுத்தாங்க ஓடி வந்தேன்" என்றார் அவர். கல்யாணம் அங்கேயே முடிந்துவிட்டது, மற்றதெல்லாம் சடங்கு என்று அவர்களின் மகள் கேலி செய்வாள். அதன்பின் அந்த வீட்டில் எதுவுமே நேராகச் சொல்லப்படவில்லை. அவள் காய்ச்சலில் படுத்திருந்தால் "மகாராணிக்கு இன்னைக்கு லீவா?" என்பார், சொல்லிக்கொண்டே போர்வையை இழுத்து மூடிவிடுவார். "உங்களக் கட்டிக்கிட்டு நான் கண்ட சுகம் இருக்கே" என்று அவள் ஆரம்பித்தால் அவருக்குக் காது குளிரும். ஆசை என்றோ பிரியம் என்றோ ஒரு சொல் இருவர் வாயிலிருந்தும் வந்ததில்லை.

ஜக்குத் தண்ணீரைக் கவிழ்த்த கதையைக் கேட்ட டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "நேரா சொன்னாப் புரியும்மா. கிண்டல், குத்தல், ஜாடை, இதெல்லாம் இனி அவருக்குப் பிடிபடறது கஷ்டம். சொல்ற வார்த்தைய அப்படியே எடுத்துக்குவார்."

"சரியாயிடுமா, டாக்டர்?"

டாக்டர் படத்தை உறைக்குள் போட்டார். "நீங்க பழகிக்குங்க."

அவளும் பழகத்தான் பார்த்தாள். ஆனால் நாக்கு வாழ்நாளெல்லாம் ஒரு பக்கமாகவே வளைந்து கிடந்தது. ஒருநாள் அச்சகத்தில் வேலை நெருக்கடி. விரலெல்லாம் பசை காய்ந்து தோல் உரிய வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றுமுன் அவர் கேட்டார், மகள் எப்போது வருவாள் என்று. சொன்னாள். முகம் துடைக்கும்போது மறுபடி கேட்டார். அடுப்பைப் பற்றவைக்கும்போதும் கேட்டார்.

"ஐயோ, எங்கயாவது போய்த் தொலைங்களேன்!"

ஆயிரம் முறை சொன்ன வார்த்தை. 'நீயும் கூட வந்தாப் போறேன்' என்பதுதான் அதற்கு அவருடைய பதில். அந்தப் பதில் வரவில்லையே என்று எட்டிப் பார்த்தபோது வாசல் கதவு திறந்து கிடந்தது.

தெருத் தெருவாக ஓடினாள். மருந்துக்கடை, பட்டறை, ஆற்றுப்பாலம் என்று எல்லா இடமும் பார்த்தாள். கடைசியில் பஸ் நிலையத்தில், ஒரு பெஞ்சின் நுனியில், வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு கண்டக்டர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"உங்க வீட்டுக்காரராம்மா? எங்க போகணும்னு கேட்டா, 'தொலையணும், எந்த பஸ்ல ஏறணும்'ங்கிறார். எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல."

அவளைப் பார்த்ததும் அவர் குற்றம் செய்தவர்போல எழுந்தார். "எனக்கு வழி தெரியல. கோவிச்சுக்காதே."

அவள் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து, ஊரே பார்க்க, அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க எங்கயும் போக வேண்டாம். நீங்க எனக்கு வேணும். நீங்க இல்லாம என்னால இருக்க முடியாது." வாழ்க்கையில் முதல்முறை சொல்கிறாள். சொல்லும்போதே உடம்பு கூசியது.

"சரி" என்றார் அவர். கடையில் மிச்சச் சில்லறை வாங்கிக்கொள்வதுபோலச் சொன்னார்.

அன்றிலிருந்து அவள் நேராக மட்டுமே பேசினாள். சாப்பாடு சூடாயிருக்கு. மாத்திரை போடுங்க. மழை வருது, ஜன்னலைச் சாத்துறேன். பொய் இல்லை, குத்தல் இல்லை, இரண்டாவது அர்த்தம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி, "இப்பத்தான் நீங்க அடக்கமாப் பேசறீங்க" என்று பாராட்டினாள். பேசிப் பேசி வாய் ஓய்ந்தாலும் யாரோடும் பேசாததுபோல இருந்தது. ஒரு நாளில் அதிகம் சிரிப்பது அச்சகத்தில்தான் என்றாகி, பிறகு அங்கேயும் நின்றுபோனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். அவர் அவளையே உற்றுப் பார்த்தார்.

"நீ நல்லவ. என்னை நல்லாப் பாத்துக்கிறே."

"ம்."

"இங்க ஒருத்தி இருந்தாளே. சதா என்னைத் திட்டிக்கிட்டே இருப்பா. திட்டிட்டுச் சிரிப்பா." அவர் குரல் தாழ்ந்தது. "அவ எங்க போனா?"

நகவெட்டி அவள் கையில் அப்படியே நின்றது. உண்மையைத் தவிர வேறெதுவும் இவரிடம் சொல்லக்கூடாது என்றிருந்தாள். எது உண்மை என்று அந்த நிமிஷம் அவளுக்கே தெரியவில்லை.

"வெளிய போயிருக்கா" என்றாள். "வந்துடுவா."

அவர் அப்படியே நம்பினார். எழுந்து, நாற்காலியை ஒற்றைக் கையால் இழுத்து, வாசலைப் பார்க்கப் போட்டுக்கொண்டார். உட்கார்ந்து சட்டைக் காலரைச் சரிசெய்தார். கொஞ்சநேரம் கழித்து அவளும் தரையில் அவர் காலடியில் வந்து உட்கார்ந்தாள். வெயில் காய்ந்துகொண்டிருந்த வெறும் தெருவை இரண்டுபேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.