காட்டுக்குள் போன பாபா

"மை நேம் பாண்டித்துரை. ஏஜ் ட்வென்டி சிக்ஸ். துபாய், அல் குசைஸ். ஹவுஸ் டிரைவர்."

இதை அவன் மனப்பாடமாக வைத்திருந்தான். சொல்லிக்கொடுத்தவர் அதே வீட்டில் சமையல் பார்க்கும் தொண்டிக்காரர் கௌஸ் முகைதீன். இங்கிலாந்தில் எங்காவது போலீஸ் நிறுத்திக் கேட்டால் நாக்கு குழறக் கூடாது என்பதற்காகச் சொல்லிக்கொடுத்தது. சட்டைப் பையில் துபாய் லைசென்ஸ் மட்டும் இருந்தது. பாஸ்போர்ட், துபாயில் இருந்தாலும் சரி, இங்கே இருந்தாலும் சரி, அர்பாபின் தோல்பையை விட்டு வெளியே வராது. அர்பாப் என்றால் முதலாளி சயீத்.

துபாயில் வெயில் மண்டையைப் பிளக்கிற மாதங்களில் அந்தக் குடும்பம் லண்டனுக்கு வெளியே, சர்ரே பக்கம் ஒரு பெரிய வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கும். அந்த வருஷம், இரண்டாயிரத்து ஆறில், சமையல்காரரையும் டிரைவரையும் கூடவே கூட்டிவந்திருந்தார்கள். டிரைவர் வேலை என்பது பேருக்குத்தான். சயீதின் தகப்பனாரை, எண்பதைத் தாண்டிய பாபாவை, கவனித்துக்கொள்வதுதான் பாண்டித்துரையின் உண்மையான வேலை. பாபாவுக்கு ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றுகொண்டிருந்தது. பேரன் பெயர் மறந்துவிட்டது. சில நாள் மகனையே யார் என்று கேட்டார்.

குடும்பம் துபாய் திரும்பியதும் பாண்டித்துரைக்கு லீவு என்று சயீத் வாயால் சொல்லியிருந்தார். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவன் நடமாடினான். கமுதிப் பக்கத்து ஊரில் அவன் மனைவி அகிலா இருந்தாள். அவன் துபாய்க்குப் போன பிறகு பிறந்த பெண்குழந்தை நடக்கவே ஆரம்பித்துவிட்டது. குலசாமி கோயிலில் அதற்கு மொட்டை போட்டுக் காது குத்த வேண்டும். தகப்பன் வரட்டும், தகப்பன் வரட்டும் என்று இரண்டு தடவை தள்ளிப்போட்டாயிற்று. ஆவணியில் வந்தே தீருவேன் என்று போனில் சத்தியம் செய்திருந்தான்.

கௌஸ் முகைதீன் அதை வைத்தே அவனைச் சீண்டுவார்.

"கமுதி பஸ் ஸ்டாண்டுல பேனர் வைக்கப் போறாய்ங்க மாப்ளே. லண்டன் ரிட்டன் பாண்டித்துரைன்னு. கூலிங் கிளாஸ் போட்டு ஒரு போட்டா எடுத்து வச்சுக்க."

"பேனர்ல பாபாவையும் சேத்துப் போடணும் மாமா. அவரு நடக்கப் போற காட்டைத் தவிர நான் எங்க லண்டனைப் பாத்தேன்?"

காடு என்றால் அந்த வீட்டிலிருந்து காரில் கொஞ்ச தூரம். வயல்வெளிக்கு நடுவே குறுகலான ரோடு, இரண்டு பக்கமும் ஆளுயர வேலிச்செடி. ஒரு மரக்கதவு, அதன் பக்கத்தில் கார் நிறுத்த இடம். கதவைத் திறந்து உள்ளே போனால் சத்தமே இருக்காது. உயரமான மரங்கள். கீழே வருஷக்கணக்காக உதிர்ந்த இலை மெத்தை மாதிரி கிடக்கும். கால் வைத்தால் காலடிகூடக் கேட்காது. இடுப்பளவு பெரணிச்செடிகள். வெயில் பச்சையாகத்தான் தரைக்கு வரும். முதல் நாள் அந்த அமைதியில் அவனுக்குக் காது அடைத்துக்கொண்டதுபோல் இருந்தது. பாபாவுக்கோ அந்த இடம் பிடித்துப்போயிற்று. பிற்பகல் தொழுகை முடிந்ததும் கைத்தடியை எடுத்துக்கொண்டு காருக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிடுவார்.

பாபாவிடம் ஒரு குணம். நடக்கும்போது பின்னால் ஆள் வந்தால் பிடிக்காது. தடியை ஓங்கி "ரூஹ்!" என்று விரட்டிவிடுவார். துபாயில் அது பிரச்சினையாக இருந்ததில்லை. குளிர்காலத்தில் பாலைவனத்தில் கூடாரம் போடுவார்கள். பாபா மணலில் தன்பாட்டுக்கு நடந்து போவார். வெள்ளை அங்கி மைல் தூரத்துக்கும் தெரியும். நேரமானதும் பாண்டித்துரை வண்டியின் ஹாரனை நீளமாக மூன்று தடவை அடிப்பான். அந்தக் குடும்பத்தில் பிள்ளைகளைக் கூப்பிடுவதும் அப்படித்தான், ஆட்டைக் கூப்பிடுவதும் அப்படித்தான். எல்லாம் மறந்த பாபாவுக்கு அது மட்டும் மறக்கவில்லை. ஹாரன் கேட்டதும் நின்று, திரும்பி, வண்டியை நோக்கி வந்துவிடுவார்.

இந்த நம்பிக்கையில்தான் இங்கேயும் அவன் காரிலேயே உட்கார்ந்திருந்தான். பல நாள் ஹாரனுக்கு வேலையே வரவில்லை. பாபா கொஞ்ச தூரம் போய்விட்டுத் தானாகவே திரும்பிவிடுவார்.

அன்றைக்கு வரவில்லை.

சயீதும் குடும்பமும் காலையிலேயே லண்டனுக்குக் கடைவீதி பார்க்கப் போயிருந்தார்கள். பாண்டித்துரை மரக்கதவைப் பார்த்தபடி இருந்தான். வெயில் சாய்ந்தது. காரை விட்டிறங்கிக் கதவுவரை போய் எட்டிப் பார்த்தான். மரங்கள்தான் நின்றன. திரும்பி வந்து ஹாரனை அழுத்தினான். மூன்று தடவை, நீளமாக.

அந்த ஊரில் அப்படி ஒரு சத்தத்தை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மரத்துக்கு மரம் புறாக்கள் படபடவென்று கிளம்பின. பக்கத்து வயலில் இரண்டு குதிரைகள் மிரண்டு வேலியோரம் ஓடின. எங்கிருந்தோ ஒரு ஆள் திட்டினான். சத்தம் காட்டுக்குள் போய் எல்லா மரத்திலும் பட்டு நாலு பக்கத்திலிருந்தும் திரும்பி வந்தது. எந்தப் பக்கம் வண்டி நிற்கிறதென்று அவனுக்கே சொல்ல வராது போலிருந்தது. பாபாவுக்கு எப்படித் தெரியும்? அது உறைத்தபோது கை ஹாரன்மேல் இருந்தது. எடுத்துவிட்டு உள்ளே ஓடினான்.

பாதை இரண்டாகப் பிரிந்தது, அப்புறம் மூன்றாக. "பாபா! பாபா!" என்று கத்தினான். ஒரு செடியைக் கையால் விலக்கினான், தேள் கொட்டியதுபோல் உள்ளங்கை முழுக்கக் கடுத்தது. ஓடைப் பக்கம் சேற்றில் ஒரு செருப்பு புதைந்திருந்தது. பெருவிரலுக்கு வளையம் வைத்த அரபித் தோல்செருப்பு, இடதுகால். அதைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு ஓடையை மேலும் கீழும் பார்த்தான். தண்ணீர் கணுக்காலளவுகூட இல்லை. அப்படியும் குனிந்து தண்ணீருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

அர்பாபுக்குப் போன் போட்டால் லீவு போச்சு. போடாவிட்டால் பாபா போச்சு. போனை எடுப்பதும் பையில் வைப்பதுமாக இருந்தவன், கடைசியில் வீட்டுக்குப் போட்டான். கௌஸ் முகைதீன் எடுத்தார். விஷயத்தைச் சொன்னான்.

"சயீதுக்குச் சொல்லிரு மாப்ளே."

"இன்னும் ஒருக்காத் தேடிட்டுச் சொல்றேன் மாமா. காது குத்துக்கு நாள் குறிச்சிட்டாங்க. ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்டா. பெரிய மனுசன் குளுந்து கெடப்பாரு. நாஞ் சொல்லிர்றேன், நீ தேடு."

காட்டின் மறுபக்கம் வேலி ஏறிக் குதித்தபோது எதிரே ஒரு சரிவு வயல், அதன் கீழே செங்கல் வீடு. வாசலில் போலீஸ் கார். பாண்டித்துரையின் கால் அங்கேயே நின்றுவிட்டது. ஆனால் அந்த வீட்டு ஜன்னலுக்குள் பாபாவின் வெள்ளைத் தலைத்துணி தெரிந்தது.

வெள்ளைக்காரம்மா கதவைத் திறந்தாள். நரைமுடி, ரப்பர் பூட்ஸ், காலடியில் ஒரு நாய். சேறும் கீறலுமாக, கையில் ஒற்றைச் செருப்போடு நின்றவனைப் பார்த்து அவள் முகம் மாறியது. அவளுக்குப் பின்னால் இளவயது போலீஸ்காரர். சமையலறை மேசையில் பாபா, தோள்மேல் கம்பளி, முன்னால் தேநீர். வயலோரம் ஒற்றைச் செருப்போடு நின்றவரை அவள்தான் கூட்டிவந்து போலீசுக்குச் சொல்லியிருந்தாள்.

மனப்பாடம் செய்ததைப் பாண்டித்துரை ஒப்பித்தான். லைசென்சை நீட்டினான். போலீஸ்காரர் பெயரைப் படித்துப் பார்த்தார். அவன் பாபாவுக்கு யார் என்று அதில் இல்லையே. பாஸ்போர்ட் எங்கே என்றார். அர்பாபிடம் என்றான். ஏன் அவரிடம் என்று கேட்டார். எல்லாருடையதும் அப்படித்தானே இருக்கும்.

போலீஸ்காரர் பாபாவின் பக்கம் திரும்பி, பாண்டித்துரையைக் கையால் காட்டி, இந்த ஆளைத் தெரியுமா என்று மெதுவாகக் கேட்டார்.

பாபா அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"லா," என்றார். இல்லை.

பாண்டித்துரை ஓரடி முன்னால் வந்தான். "பாபா, நாந்தான், பாண்டி," என்று தமிழிலேயே சொன்னான். பாபா தேநீரைப் பார்த்தார். போலீஸ்காரர் அவனைச் சுவரோரம் நிற்கச் சொல்லிவிட்டு ரேடியோவில் பேசினார். நாய் வந்து செருப்பை மோந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் பாண்டித்துரை பாபாவின் காலைப் பார்த்தான். இடதுகால் சேற்றோடு கல்தரையில் இருந்தது. விரல்கள் நீலம் பாரித்திருந்தன.

அவன் யாரையும் கேட்கவில்லை. போய் மண்டியிட்டான். போலீஸ்காரர் ஏதோ சொன்னார், காதில் ஏறவில்லை. சட்டை நுனியால் அந்தக் காலைத் துடைத்தான். செருப்பை எடுத்து வைத்ததும் பாபா அவன் தோளில் கையை ஊன்றிக் காலை நீட்டினார். தினமும் நீட்டுவதுபோல, பார்க்காமலே. வளையத்துக்குள் விரல் போனதும் மற்ற காலையும் நீட்டினார், அதன் வாரையும் சரிசெய்யச் சொல்லி. "யல்லா," என்றார், போகலாம் என்று எழுந்திருக்கப் பார்த்தபடி.

வெள்ளைக்காரம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு பாண்டித்துரைக்கும் ஒரு கோப்பை தேநீர் வந்தது. கடுத்த கைக்குத் தடவ ஏதோ களிம்பும் கொடுத்தாள்.

போலீஸ்காரர் போனில் சொன்ன விலாசத்துக்கு லண்டனிலிருந்து சயீத் வந்து சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. தோல்பையிலிருந்து இரண்டு பாஸ்போர்ட்டையும் எடுத்துக் காட்டினார். அந்தம்மாவின் கையைப் பிடித்துப் பல தடவை நன்றி சொன்னார். பாண்டித்துரை திட்டுக்குத் தயாராக நின்றான். சயீத் திட்டவில்லை. தகப்பனாரைக் கைப்பிடித்து எழுப்பப் போனார். பாபா மகனின் கையை உதறிவிட்டு, "யார் நீ?" என்று கேட்டார். பாண்டித்துரை கை கொடுத்ததும் எழுந்தார்.

சயீத் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். செருப்பு விஷயத்தையும் அந்தம்மா அவரிடம் சொல்லிவிட்டிருந்தாள். வாசலுக்கு வந்ததும் பாண்டித்துரையின் முதுகில் தட்டினார். அவன் இல்லாமல் பாபா ஒரு நாள்கூட இருக்க மாட்டார் என்று இன்றைக்குத்தான் புரிந்தது என்றார். சம்பளத்தை உயர்த்தித் தருவதாகச் சொன்னார்.

"ஆனா இந்த வருஷம் லீவு மாஃபி, பாண்டி. அடுத்த வருஷம், இன்ஷா அல்லாஹ்."

லீவு இல்லை என்பதைக் கெட்ட மனசோடு சொல்லவில்லை. அதனால்தான் எதிர்த்து எதுவும் பேச முடியவில்லை. ஏதாவது தப்புக்குத் தண்டனை என்றால் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கலாம். இதற்கு என்னவென்று கேட்பது? "அர்பாப், குழந்தை..." என்று ஆரம்பித்தான். சயீத் தலையாட்டிக்கொண்டே பாபாவைக் காரில் ஏற்றிவிடச் சொன்னார். ஏற்றினான். சீட் பெல்ட்டை மாட்டினான். சயீத் முன்பக்கம் போய் யாரிடமோ போனில் பேச ஆரம்பித்தார்.

வெள்ளைக்காரம்மா கம்பளியை வாங்கிப்போக வந்தாள். இதுவரை சயீத் யார் முன்னாலும் அவள் முன்னால் நின்ற அளவுக்குப் பணிந்து நின்று அவன் பார்த்ததில்லை. அந்த ஒன்றுதான் அவன் கண்ணுக்குத் தெரிந்த வழி. கம்பளியை அவள் கையில் கொடுத்தவன் விடாமல் அதைப் பிடித்துக்கொண்டான். குரலைத் தாழ்த்தி, தெரிந்த அரைகுறை இங்கிலீஷில் கேட்டான்.

"மேடம், நீங்க சொன்னா அவரு கேப்பாரு. பாண்டிக்கு வீட்டுக்குப் போகணும், பிள்ளையப் பாக்கணும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம்."